லவ் பேர்ட்ஸ் கடைக்கு எத்தனை கையெழுத்து?

சாயங்கால ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால், ஊரின் வரவுசெலவுக் கணக்கு கண்முன்னே ஓடும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை இறக்கிவிடுகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், மேற்கே காஞ்சிபுரம், தெற்கே வாலாஜாபாத், வடக்கே மப்பேடு வழியாகத் திருவள்ளூர் என்று நாலு பக்கமும் வண்டி பிடிக்கக் கூடும் கூட்டம், பஸ் வரும்வரை டீக்கடை, பிரியாணிக் கடை, செல்போன் கடை என்று சிதறி நிற்கிறது. 2024 செப்டம்பர் 9-ம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய 37 நாள் வேலைநிறுத்தத்தில்தான் இந்த ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளுக்குத் தெரியவந்தது. இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அதற்கு ரொம்ப நாள் முன்பே தெரியும்: மாதச் சம்பளம் வாங்கும் இளவட்டம் வாடகை அறையில் குடியிருக்கும் ஊரில் எதைக் கடை போட்டாலும் ஓடும்.

அந்த ‘எதை’யில் இப்போது வளர்ப்புப் பிராணிக் கடையும் சேர்ந்துவிட்டது. மொத்தச் செலவு என்ன? ஷட்டர் போட்ட ஒரு அறை, பத்துப் பன்னிரண்டு கம்பிக் கூண்டு, நாலு மீன் தொட்டி, ஒரு மூட்டை தினை, வாசலில் ‘பெட் வேர்ல்டு’ மாதிரி ஏதோ ஒரு பெயர்ப்பலகை. ஊரிலிருந்து வந்து தனி அறையில் தங்கியிருக்கும் பையனுக்கு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் துணை. கல்யாணமாகி ஒரு படுக்கையறை வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு பொமேரியன். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி போன்ற இடங்களில் இதற்கெல்லாம் வழியில்லை. அங்கே 18,720 படுக்கைகள். மனிதருக்கே கட்டில் கணக்குத்தான். ஆனால் விடுதிக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களில் வரிசையாக எழும்பி நிற்கும் வாடகைக் குடியிருப்புகளில் ஆள் இருக்கிறார்கள்.

கடை போட நினைக்கும் ஒருவர் முதலில் என்ன காகிதம் எடுப்பார்? வாடகை ஒப்பந்தம். வணிகக் கட்டண மின் இணைப்பு. ஊராட்சியில் தொழில் வரி, உரிமம். ஆன்லைனில் உத்யம் பதிவு. ஆடிட்டர் சொன்னால் ஜிஎஸ்டி. இவற்றையெல்லாம் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, மேலே பிள்ளையார் படத்துக்கு மாலையும் போட்டுவிட்டால் கடை சட்டப்படி திறந்தாயிற்று என்று நினைப்பு. மளிகைக் கடைக்கு அது சரி. உயிருள்ள ஒன்றை விற்கும் கடைக்கு, முக்கியமான காகிதம் இன்னும் வரவேயில்லை.

அந்தக் காகிதத்தின் பெயர், மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட ‘விலங்குவதைத் தடுப்பு (வளர்ப்புப் பிராணிக் கடை) விதிகள்’ இதைக் கட்டாயமாக்கின. நாய், பூனை, முயல், கினி பிக், ஹாம்ஸ்டர், எலி வகைகள், கூண்டுப் பறவைகள் என்று விதியே பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. இவற்றில் எதை விற்றாலும் பதிவு வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்ப வராது. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கடை, ஒரகடத்தில் இன்னொன்று என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. பதிவு ஆளுக்குக் கிடையாது, இடத்துக்கு. ஆய்வுக்கு வருபவர்கள் கூண்டின் அளவு, காற்றோட்டம், தண்ணீர், நோய்வாய்ப்பட்டதைத் தனியே வைக்க இடம் எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியானால்தான் சான்றிதழ். விதி வந்தபோது ஏற்கெனவே கடை நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு 60 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்த 60 நாள் முடிந்து வருஷங்கள் ஆகின்றன.

இந்த ‘இடத்துக்குப் பதிவு’ என்ற ஒற்றை நிபந்தனை, தமிழ்நாட்டின் பழைய வழக்கம் ஒன்றின் அடிமடியில் கை வைக்கிறது. நம் ஊரில் பறவையும் நாய்க்குட்டியும் விற்பனையானது பெரும்பாலும் கடையில் அல்ல, சந்தையில்தான். சென்னையில் 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்தோடு கிளியும் புறாவும் கிடைத்தன. அதன்பின் பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமை, பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை. பழைய ஸ்குரூ டிரைவர், கிராமபோன் தட்டு, ரோஜாச் செடி ஆகியவற்றுக்கு நடுவே பழக்கூடைக்குள் நாய்க்குட்டிகள். வெயில் ஏற ஏற விலை இறங்கும். காலையில் விரித்து மாலையில் சுருட்டும் தார்ப்பாய்க்கு எந்த முகவரியைப் போட்டு விண்ணப்பம் அனுப்புவது?

கடைக்காரர்கள் அதிகம் இடறுவது வயதுக் கணக்கில்.

நாய்க்குட்டி, பூனைக்குட்டி எட்டு வாரம் நிறைவதற்குள் விற்கக் கூடாது என்பது விதி. எட்டு வாரம் என்றால் 56 நாள். நம் சந்தையின் கணக்கு வேறு. ‘நாற்பத்தஞ்சு நாள் குட்டி சார், இப்ப எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்’ என்பது எல்லா ஊரிலும் கேட்கும் வசனம். முப்பது நாளில் கைமாறும் குட்டிகளும் உண்டு. உருண்டையாக, ஒரு உள்ளங்கையில் அடங்குவதாக, பார்த்தவுடன் தூக்கிக்கொள்ளத் தோன்றுவதாக இருப்பது அந்த வயதில்தான். பத்து நாள் கழித்துக் கால் நீண்டு, மூஞ்சி நீண்டு, கடிக்க ஆரம்பித்துவிட்டால் விலை இறங்கும். வளர்ப்பவருக்கு அந்தப் பத்துப் பதினொரு நாள் என்பது பாலும் செர்லாக்கும் தடுப்பூசியும் சேர்ந்த செலவு. சட்டத்துக்கும் சந்தைக்கும் உள்ள சண்டை முழுக்க இந்தப் பதினொரு நாளில்தான் இருக்கிறது.

குட்டியின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறும். பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. வாரம் ஏற ஏற அது தேய்கிறது. குட்டியின் சொந்தச் சக்தி இன்னும் வளரவில்லை. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, சில வார இடைவெளியில் மறு ஊசிகள் போட்டால்தான் நிலை பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பார்வோ நுழைகிறது. வாந்தி, ரத்தபேதி, தண்ணீர்கூட இறங்காத நிலை. சின்னக் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். நாலு இடத்துக் குட்டிகளை ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கும் கடை அந்தக் கிருமிக்கு வசதியான சத்திரம். ஒரு குட்டி போன கூண்டைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டு அடுத்ததை விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சாதாரணப் பினாயிலுக்கு அந்த வைரஸ் மசியாது. நீர்த்த பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும்.

உடன்பிறந்த குட்டிகளோடு கட்டிப்புரண்டு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அதற்குமுன் பிரித்தெடுத்த குட்டி அந்தப் பாடத்தை வாங்கியவர் வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும்.

கடைக்காரர் குட்டியை எங்கிருந்து வாங்குகிறார் என்பதற்கும் ஒரு சட்டம் காத்திருக்கிறது. 2017 மே மாதம் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, நாய் வளர்த்துக் குட்டி விற்பவரும் மாநில வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறைந்த பிறகுதான் இணை சேர்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி எடுக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. விற்கும் குட்டிக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் வேண்டும். மொட்டை மாடியில் ஒரு ஜோடி லேப் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பவரும் இந்த விதிக்குள் வருகிறார் என்பது அவருக்கே தெரியாது. ‘பில் இல்லாத பொருள்’ என்று மற்ற வியாபாரத்தில் சொல்வார்களே, அது மாதிரி ஊர் பேர் இல்லாத குட்டி கடைக்குள் வந்தால், கடையின் பதிவுக்கும் ஆபத்துதான்.

அரசே இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டதுண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் காக்கச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவில் நாய்களை வைத்திருந்த நிலை பற்றிப் புகார் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் போனது; 2016-ல் அதை மூடச் சொல்லி உத்தரவும் வந்தது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒத்துவராத சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்றது. வளர்ப்பவர்கள் கொதித்தார்கள், அதுவும் வழக்கானது. பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த நாயை ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் ஏசி அறையில் பூட்டி வளர்ப்பது பற்றிக் கோர்ட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அதே 2024-ல் நுங்கம்பாக்கம் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய கால்நடைத் துறை 23 இன நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. கடைக்காரர் எதை விற்கலாம் என்ற பட்டியல் ஒரே வருஷத்தில் இத்தனை முறை அசைந்தால், பதிவு செய்த யோக்கியருக்கே தலை சுற்றும்.

நாய் இப்படியென்றால், கூண்டுப் பறவை இன்னும் நுணுக்கமான சமாசாரம். ஒரு சாதாரணப் பறவைக் கடையின் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தால் போதும்.

மேல் வரிசையில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் கத்திக்கொண்டிருப்பவற்றை நாம் லவ் பேர்ட்ஸ் என்கிறோம். உண்மையில் அவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் என்ற சிறு கிளிகள். கூண்டுக்குள் மண்பானை கட்டிவிட்டால் அதற்குள் முட்டையிடும்; கம்பியில் செருகிய கணவாய் ஓட்டைச் சுரண்டித் தின்னும். நிஜமான லவ் பேர்ட்ஸைத்தான் நம் கடைகளில் ‘ஆப்பிரிக்கன்’ என்கிறார்கள். அடுத்த கூண்டில் கொண்டை தூக்கிய காக்டெயில். அதற்கும் கீழே சாம்பல் உடம்பும் சிவப்பு அலகுமாக ஜாவா குருவி. விலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். வாங்குபவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஜாதிதான்.

சட்டத்தின் கண்ணுக்கு இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-க்கு 2022-ல் கொண்டுவந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலை அது அப்படியே நாலாவது அட்டவணையாக்கிக்கொண்டது. கிளிக் குடும்பம் ஏறக்குறைய மொத்தமும் அந்தப் பட்டியலில் உண்டு. விதிவிலக்கு நாலே நாலுக்கு. பட்ஜெரிகர், காக்டெயில், பீச் நிற முகம் கொண்ட ஆப்பிரிக்கன், நம்மூர்ப் பச்சைக்கிளி. இதில் பச்சைக்கிளியை நம் நாட்டின் சட்டம் வேறு அட்டவணையில் இறுக்கிப் பிடிக்கிறது.

ஆக, பீச் முகத்து ஆப்பிரிக்கனுக்கு வனத்துறைக் காகிதம் வேண்டாம். பக்கத்துக் கூண்டில் அதே பருமனில், அதே குரலில் உட்கார்ந்திருக்கும் ‘ஃபிஷர்’ வகை ஆப்பிரிக்கனுக்கு வேண்டும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஃபிஷருக்குக் கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், சுண்ணாம்பால் வரைந்த மாதிரி இருக்கும். பீச் முகத்துக்கு அது கிடையாது. ஒரு கடைக்காரர் குற்றவாளியா இல்லையா என்பது இரண்டு மில்லிமீட்டர் வெள்ளைத் தோலில் தொங்குகிறது. ஜாவா குருவியும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதுதான். சன் கன்யூர், மக்காவ், இகுவானா, பால் பைத்தான் எல்லாமே அந்தப் பட்டியல்காரர்கள்.

பட்டியலில் இருக்கிறது என்றால் வைத்திருக்கவே கூடாது என்று பொருளில்லை. வைத்திருப்பதை அரசிடம் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகள் இதற்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தன. ‘பரிவேஷ்’ என்ற மத்திய அரசின் இணையதளத்தில், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போய்ச்சேரும்படி பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால், செத்தால், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இவற்றை இனப்பெருக்கம் செய்து விற்பவருக்குத் தனி உரிமம். 2020-லேயே ஒருமுறை, ‘வைத்திருப்பதைத் தானாக முன்வந்து சொல்லுங்கள், எந்தக் காகிதமும் கேட்க மாட்டோம்’ என்று அரசு வாய்ப்புக் கொடுத்தது. சொன்னவர் பிழைத்தார். அதற்குப் பிறகு வாங்கியவர் கையில் வாங்கிய ரசீதாவது இருக்க வேண்டும்.

இப்படி வரும் உயிர்களின் ஊற்றுக்கண் எங்கே என்று சென்னை விமான நிலையச் சுங்கத்துறையைக் கேட்டால் பாங்காக் பக்கம் கை காட்டுவார்கள். 2019 பிப்ரவரி 2-ம் தேதி பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பையிலிருந்து சத்தம் கேட்டுத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது, பிறந்து ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி. அதை வண்டலூர் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு குரங்கு, பாம்பு, பல்லி, ஆமை என்று துணிமணிக்கு நடுவே சுருட்டி வைத்தவை பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு கடைக்கண்ணாடிக்குப் பின்னால் இகுவானா ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தால், அதை வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் விலை இல்லை, அதன் பயணக்கதை.

இனி, நம் ஊர்ப் பறவை. இங்கே சட்டத்துக்குத் தயவுதாட்சண்யமே கிடையாது. பச்சைக்கிளி, மைனா, சில்லை, நட்சத்திர ஆமை எதையும் விற்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. கோயில் வாசலில் சீட்டெடுக்கும் கிளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது மனதில் பதிவதில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியரின் கிளி, வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று சீட்டெடுத்தது. அந்த வீடியோ ஊரெங்கும் பரவ, வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது. தேர்தல் முடிவும் கிளி சொன்னபடி வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம், வீட்டில் இரண்டு அலெக்சாண்டரின் கிளிகளை வளர்த்த ஒரு நகைச்சுவை நடிகருக்கு வனத்துறை விதித்த அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். பச்சைக்கிளி இப்போது இரண்டாவது அட்டவணையில். விற்றால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று தேடப்படும் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்குப் போய்விட்டது; அங்கே மூன்று ஆண்டில்தான் சிறையே ஆரம்பிக்கிறது, ஏழு ஆண்டு வரை போகும். ‘பச்சைக்கிளி குஞ்சு வேணும்ணா சொல்லுங்க சார், உள்ளே இருக்கு’ என்று எந்தக் கடையில் சொன்னாலும், அந்த ‘உள்ளே’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

மீன் விற்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். 2017 மே மாதம் அவர்களுக்கும் ஒரு விதி வந்தது. தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது என்றும், 158 வகை மீன்களை விற்கக் கூடாது என்றும் சொன்னது. சென்னை கொளத்தூர் அலறியது. வண்ண மீன் வளர்ப்பும் விற்பனையும் அங்கே தெருத்தெருவாகக் குடிசைத் தொழில். எதிர்ப்புக்குப் பிறகு அந்த விதிகளை மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. 2018 கடை விதி பெயர் சொல்லும் பட்டியலிலும் மீன் இல்லை. அதனால் இந்தச் சாலையில் கடை திறப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் மீனில் ஆரம்பிப்பதில் ஆச்சரியமில்லை.

ஐந்து லட்சம் முதல் போட்டுக் கடை திறக்கும் ஒருவர் கால்குலேட்டரை எடுத்தால் வேறொரு வேடிக்கை தெரியவரும். உயிருள்ள நாய், பூனை, பறவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அவற்றுக்குப் போடும் பாக்கெட் தீவனத்துக்கு 18 சதவீதம். பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு. ஆனால் கடையின் பின்பக்கம் ஒரு தொட்டி வைத்து நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டிவிட ஆரம்பித்தால் அது சேவையாகிவிடும். எல்லை 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். குட்டி விற்பது ஒரு நாள் வரவு. அந்தக் குட்டி அடுத்த பத்து வருஷம் தின்னும் தீவனம், கழுத்துப்பட்டை, ஷாம்பு, மாதாந்திரக் குளியல் எல்லாம் நிரந்தர வரவு. விவரமான கடைக்காரர்கள் லாபம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உயிர் எதையும் விற்காமல் சாப்பாடும் சாமானும் மட்டும் விற்றால் 2018 விதியின் பதிவே தேவைப்படாது.

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தீவனத்தோடு தீவனமாகக் குடற்புழு மருந்தும் ஆன்டிபயாடிக்கும் தடுப்பூசிக் குப்பியும் கடை அலமாரியில் ஏறிவிடும். கால்நடை மருந்தும் மருந்துதான். அதை விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் 20, 21-ம் படிவ உரிமங்கள் வேண்டும். ஊசி போடுவது, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. ‘ஊசி போட்டாச்சு சார்’ என்று கடைக்காரர் நீட்டும் அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லையென்றால், அந்த அட்டை வெறும் அட்டை.

இவ்வளவு கெடுபிடியையும் மீறினால் என்ன ஆகும்? இந்த இடத்தில் சட்டப் புத்தகத்தைப் படிப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கடை விதியின் தாய்ச்சட்டம் 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதில் விலங்கைக் கொடுமைப்படுத்தியதற்கு முதல் முறை அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். அதன்கீழ் போட்ட விதியை மீறினால் அதிகபட்சம் 100 ரூபாய் அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். பதிவுக்கு 5,000, பதியாததற்கு 100. கூட்டுரோட்டில் ஒரு பிரியாணி விலைகூட இல்லை. 1960-ல் 50 ரூபாய் என்பது கணிசமான தொகை. அந்த எண்ணை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். 2022 நவம்பரில் தொகைகளை உயர்த்தும் திருத்த வரைவு ஒன்றை அரசு கருத்துக் கேட்புக்கு வைத்தது. அது இன்னும் சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேரவில்லை. பதிவில்லாத கடைக்காரருக்கு உண்மையான பயம் அபராதத்தில் இல்லை. கடைக்கு சீல் வைத்து விலங்குகளை எடுத்துப்போய்விடும் அதிகாரத்தில்தான்.

அந்தச் சட்டத்தின் பூர்வீகம் நம் ஊர்தான் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் நிறைவேறியது. 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், தலைமையகம் சென்னை. 2018-ல் அந்த அலுவலகத்தை ஹரியானாவின் பல்லப்கருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடை விதிகள் வந்த அதே வருஷம்.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு வரி, எந்தப் பெட் ஷாப் கூண்டுக்கும் பொருந்தும்: விலங்கு நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். கடைச் சிப்பந்திகள் நாள் முழுக்க நின்றே சாகக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. ஒரு பெட் ஷாப்பில் இந்த இரண்டு சட்டமும் ஒரே சுவருக்குள் சந்திக்கின்றன. ஸ்டூல் எத்தனை கடையில் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, கூண்டின் அளவு பற்றி அதிக நம்பிக்கை வராது.

வெளிநாடுகளில் விவாதம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. கடையில் நாய், பூனை விற்பனையே வேண்டாம் என்கிறார்கள். 2019-ல் கலிபோர்னியா, காப்பகத்திலிருந்து வந்தவற்றைத் தவிர மற்றதைக் கடையில் விற்கத் தடை போட்டது. 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்ப்பவரிடமோ காப்பகத்திலோதான் வாங்க வேண்டும். 2024 ஜனவரி முதல் பிரான்சில் கடைகளில் நாய், பூனை விற்பனை இல்லை. நாம் இன்னும் ‘பதிவு செய்யுங்கள்’ என்ற இடத்தில்தான் நிற்கிறோம். அதையாவது ஒழுங்காகச் செய்தால், கடைக்காரர் எழுதிவைக்க வேண்டிய பதிவேடு ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில், யார் வாங்கினார், அவர் அடையாளம் என்ன, எத்தனை செத்தது என்று அதில் கட்டங்கள் உண்டு. ஆண்டுதோறும் அந்தக் கணக்கு வாரியத்துக்குப் போக வேண்டும். 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது என்பதால் வாங்குபவரின் அடையாள அட்டையையும் பார்த்தாக வேண்டும். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவர்களின் கழுத்திலேயே ஒன்று தொங்குகிறது. ஆனால் அதில் பிறந்த தேதி இருக்காது, ஆதார்தான் கேட்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில், முதல் மாதச் சம்பளத்தோடு ஒரு இளைஞர் உள்ளே குனிந்து வருகிறார். சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, என்ன மாட்டியில்லை என்று அவர் பார்க்கவில்லை. நீலமும் மஞ்சளுமாக ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு கூண்டின் முன் நிற்கிறார்.

“அண்ணா, இந்த ஜோடி எவ்வளவு? பானையும் சேர்த்தா?”